மலை ரோட்டுக்குப் போட்ட பூட்டு

எனக்குப் பேச வராது. நாலு பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான், என் மனைவியின் தம்பி திருப்பதியில் தொடங்கிய கேம் கடையில் என்னை உட்காரச் சொன்னபோது, அது எனக்கு ஏற்ற வேலை என்று நினைத்தேன். வருகிறவர்கள் எல்லாரும் திரையைப் பார்ப்பார்கள். என்னை யாரும் பார்க்க மாட்டார்கள்.

எங்கள் கிராமம் சத்தியவேட்டுக்குப் பக்கம். என் நைனா, அதாவது அப்பா, காலத்தில் எங்களுக்கு நிலம் கிடையாது. பிறகு அரசாங்கம் கொடுத்த பட்டா நிலம் கொஞ்சம் இருந்தது. கம்பெனிகள் வந்தபோது அதையும் எடுத்துக்கொண்டார்கள். கம்பெனிக்குள் வேலை கேட்டுப் போனேன். பத்தாவது படித்திருக்க வேண்டும் என்றார்கள். நான் ஐந்தாவதோடு நின்றவன். ஊர் டீக்கடையில் சும்மா உட்கார்ந்திருந்த வருஷங்களில் தினசரிகளை வரி விடாமல் படித்ததால்தான் தமிழாவது கைக்கு வந்தது. தெலுங்கு பேசுவேன், படிக்கத் தெரியாது. இங்கிலீஷில் எண்கள் தெரியும், எழுத்துகள் அடையாளம் தெரியும், சேர்த்துப் படிக்க வராது.

மச்சான் குவைத்தில் சில வருஷம் இருந்துவிட்டு வந்தவன். வரும்போது டி.வி.யில் மாட்டி விளையாடுகிற கேம் பெட்டிகள் மூன்றைக் கொண்டுவந்தான். திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜின் கீழ்த் தளத்தில் இடம் பிடித்து, ஒரு சுவரோரம் நாலு கம்ப்யூட்டர், எதிர்ச் சுவரில் மூன்று டி.வி. வைத்தான். கடை ஓடத் தொடங்கிய கொஞ்ச நாளில் அவனுக்குக் குவைத்திலிருந்து மறுபடியும் வேலை வந்தது. போகும்போது என்னிடம், நேரத்தை மட்டும் பார்த்துக்கொள், காசை மட்டும் வாங்கு, மற்றது எல்லாம் போனில் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

கம்ப்யூட்டர் பக்கம் உட்காருகிறவர்கள் காலேஜ் மாணவர்கள். டி.வி. பக்கம் உட்காருகிறவர்கள் ரேணிகுண்டா ஒர்க்‌ஷாப் ஆட்கள், லாட்ஜில் வேலை செய்கிறவர்கள், கார் ஓட்டுகிறவர்கள். யாரும் இப்படிப் பிரித்து உட்கார வைக்கவில்லை. கம்ப்யூட்டரில் விளையாட எழுத்துக் கட்டைகளைப் பார்த்துத் தட்ட வேண்டும், திரையில் வருகிற இங்கிலீஷைப் படித்துப் பதில் சொல்ல வேண்டும். டி.வி. பெட்டியில் அதெல்லாம் இல்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள ஒரு சாமான் தருவார்கள். கட்டைவிரலை எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கம் வண்டி போகும். என்னைப் போன்றவர்கள் அந்தப் பக்கம்தான் போவார்கள்.

அவர்களில் ஒருவன் ரேணிகுண்டா விமான நிலையத்துக்கும் திருமலைக்கும் டாக்சி ஓட்டுகிறவன். புத்தூர்ப் பக்கத்து ஆள். கனத்த உடம்பு, கரகரப்பான குரல். ஒரு சவாரிக்கும் அடுத்த சவாரிக்கும் இடையில் வந்து, நடு டி.வி. முன்னால் உட்கார்ந்து கார் ரேஸ் ஆடுவான். நாள் முழுக்க வண்டி ஓட்டிவிட்டு இங்கேயும் வந்து வண்டிதான் ஓட்டணுமா என்று மற்றவர்கள் கேட்பார்கள். “இதுல டீசல் ஊத்த வேணாம். இடிச்சா போலீசும் வரமாட்டான்” என்பான்.

ஒரு நாள் காலையில் கம்ப்யூட்டர்களைப் போட்டதும், அவற்றிலும் இருந்த அந்தக் கார் ரேஸ் ஆட்டத்தில் புதிதாக ஒரு ரோடு வந்திருந்தது. மலை ரோடு. கொண்டை ஊசி வளைவுகள், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், நடுநடுவே பனி. காலேஜ் பையன்கள் கூட்டமாக நின்று பார்த்தார்கள். யாரும் காசு கட்டவில்லை, அதுவாகவே வந்தது என்றார்கள். டாக்சிக்காரன் எழுந்துபோய் அவர்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். திருமலைக்கு ஏறுகிற ரோடு மாதிரியே இருக்கிறது என்று சொன்னான். உடனே தன் இடத்துக்கு வந்து அதைப் போட முயன்றான். அவன் டி.வி.யில் மலையின் படம் வந்தது. படத்தின் மேல் ஒரு பூட்டு இருந்தது.

மூன்று டி.வி.யிலும் அதே பூட்டு.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். மச்சானுக்குப் போன் போட்டேன். கம்ப்யூட்டரில் கேம் கம்பெனி சும்மா கொடுக்கிறது, பெட்டியில் காசு கேட்கிறது, நான் இங்கிருந்து கார்டில் கட்டிவிடுகிறேன் என்றான். மறுநாள் பூட்டு போய்விட்டது. அதோடு மச்சான், மலை ரோடு ஆடுகிறவர்களிடம் மணிக்குப் பத்து ரூபாய் கூட வாங்கு, கேட்டால் கம்பெனி கேட்கிறது என்று சொல் என்றான். நானும் அப்படியே சொன்னேன். கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னேன். என் வாயில் அதிகம் வந்த வார்த்தைகள் அந்த நாட்களில் அவைதான்: கம்பெனி கேக்குது தம்பி.

முதலில் கொடுத்தார்கள். பிறகு முணுமுணுத்தார்கள். எதிர்ச் சுவரில் அதே மலையை ஒரு மாணவன் சும்மா ஓட்டிக்கொண்டிருக்க, இங்கே காசு கொடுத்து ஓட்டுகிறவனுக்கு எப்படி இருக்கும்? நடுவில் நாலு அடி இடம்தான். ஒர்க்‌ஷாப் ஆட்கள் இரண்டு பேர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். டாக்சிக்காரன் மட்டும் நிறுத்தவில்லை. அவனுக்கு அந்த ரோடு பிடித்துவிட்டது. ஒவ்வொரு முறை காசு கொடுக்கும்போதும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கொடுப்பான். பதிலுக்குப் பார்க்க என்னால் முடியாது. குனிந்து வாங்குவேன். குனிந்ததுதான் அவனுக்குச் சந்தேகத்தை உண்டாக்கியது என்று நினைக்கிறேன்.

ஒரு மத்தியானம் ஆட்டத்தை முடித்துவிட்டு வந்து மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றினான். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

“அண்ணா, நான் ஒண்ணு கேக்கறேன். இந்தக் காசு கம்பெனிக்குப் போவுதா, உன் மச்சானுக்குப் போவுதா?”

கம்பெனிக்குத்தான் என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

“அந்தச் செவுத்துல இருக்கற மலைக்கு இல்லாத காசு, இந்தச் செவுத்துல இருக்கற மலைக்கு மட்டும் எதுக்கு? நாங்க படிக்காதவங்கன்னா?”

நான் தலையை மட்டும் ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேனா, இல்லை என்று ஆட்டினேனா, எனக்கே தெரியவில்லை.

“சரி. வியாழக்கிழமை எனக்குச் சித்தூர் டிராப் இருக்குது. நீயும் வண்டியில ஏறு. டிராப் முடிச்சிக்கினு காணிப்பாக்கம் போலாம். கம்பெனிதான் கேக்குதுன்னு பிரமாணம் பண்ணு. அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்.”

எங்கள் ஜில்லாவில் அந்தப் பேச்சு வந்த பிறகு மேலே பேச ஒன்றும் இருக்காது. சித்தூருக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற காணிப்பாக்கத்துப் பிள்ளையார் சத்தியத்துக்குச் சாமி. போலீசிலும் பஞ்சாயத்திலும் தீராததை அங்கே தீர்ப்பார்கள். குளத்தில் முழுகி, ஈரத் துணியோடு சாமி முன்னால் நின்று சொல்ல வேண்டும். சொன்னால் வழக்கு முடிந்தது. எதிராளி அதற்குமேல் கேட்கக் கூடாது. பொய் சொன்னவனைச் சாமி பார்த்துக்கொள்ளும். வர மாட்டேன் என்பவன் அங்கேயே பொய்யன் ஆகிவிடுவான்.

அதனால் சரி என்றேன். இல்லை என்று சொல்லப் பயந்துதான் சரி என்றேன்.

அன்றையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் ஊரில் ஒருவர் வரப்பு விஷயத்தில் அங்கே போய்ப் பொய்ச் சத்தியம் செய்தார் என்று சொல்வார்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. திடமாக நடமாடினார். அந்த வருஷம் அவர் மகளுக்குப் பிறந்த பிள்ளைக்குத்தான் கண் தெரியவில்லை. சத்தியத்தினால்தானா என்பது யாருக்குத் தெரியும். ஆனால் நான் சின்ன வயதில் அந்தப் பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். கையை முன்னால் நீட்டிக்கொண்டு சுவரைத் தேடி நடக்கும்.

என் ஒரே மகளை நகரியில் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டில் விசைத்தறி ஓட்டுகிறார்கள். கல்யாணமாகி மூன்று வருஷத்துக்குப் பிறகு அப்போதுதான் முழுகாமல் இருந்தாள். ஐந்தாம் மாதம்.

பொய் சொல்லப் போகிறோம் என்ற பயம் இல்லை அது. பொய்யா நிஜமா என்று எனக்கே தெரியாது என்பதுதான் பயம். கம்பெனி என்பதை நான் பார்த்ததில்லை. பூட்டைப் பார்த்தேன், பூட்டு போனதைப் பார்த்தேன். நடுவில் நடந்தது எல்லாம் போனில் மச்சான் சொன்னது. இன்னொருவன் வாயிலிருந்து வந்ததை என் வாயால் சாமி முன்னால் சொல்லி, அது பொய்யாக இருந்துவிட்டால், அது யார்மேல் இறங்கும்? சொன்னவன்மேல்தானே.

கடைக்கு ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்க வருகிற ஒரு மாணவர் இருந்தார். பொறுமையானவர். டி.வி. பக்கம் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அவரைக் கூப்பிட்டேன். மலை ரோட்டைப் பற்றிப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லச் சொன்னேன். அவர் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி எங்கேயோ உள்ளே போய்ப் படித்தார். ஆமாம், கம்ப்யூட்டருக்கு இலவசம், பெட்டிக்குக் காசு என்று போட்டிருக்கிறது என்றார். எனக்கு மூச்சு வந்தது. ஏன் அப்படி என்று கேட்டேன். பெட்டியைச் செய்கிறவனுடைய ஆன்லைன் கடை வழியாகத்தான் எதையும் விற்க முடியும், அவன் சும்மா கொடுக்க விடமாட்டான் போல என்றார்.

நான் அதோடு விட்டிருக்கலாம். மணிக்கு எவ்வளவு என்று போட்டிருக்கிறதா என்று கேட்டேன்.

“மணிக்கா? அப்படி ஒண்ணும் இல்லீங்களே. ஒரு தடவ வாங்கிட்டா அவ்ளோதான். எப்பவும் இருக்கும். வாங்கினதுன்னுதான் காட்டுது.”

அவர் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மச்சானுக்குப் போன் போட்டேன். காணிப்பாக்கம் என்றதும் சிரித்தான். கேம் ஆடுவதற்கெல்லாமா பிரமாணம் என்றான். பிறகு நான் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தான்.

“கம்பெனி கேட்டுச்சி, நான் கட்டினேன். இதுல இன்னா மாமா பொய்யி?”

“ஒரு தடவ தானே கேட்டுச்சி.”

“யார் சொன்னாங்க உனுக்கு?”

நான் சொல்லவில்லை. அவன் இருந்த இடத்தில் ஏதோ மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. போட்ட காசை எடுக்க வேண்டாமா, வாடகை இல்லையா, கரண்ட் பில் இல்லையா என்றான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னான்:

“நீ போயி பண்ணிட்டு வா மாமா. உனுக்கு ஒண்ணும் ஆவாது. நீ அஞ்சாவது படிச்சவன். உனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சாமிக்கே தெரியும்.”

நேற்று வரைக்கும் அது சரியாக இருந்திருக்கும். இன்றைக்கு எனக்குத் தெரிந்துபோய்விட்டதே. அந்த மாணவரைக் கூப்பிட்டுக் கேட்ட வாயை நினைத்து என்மேலேயே கோபம் வந்தது.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. நான் பொய்ச் சத்தியம் செய்தால் அது என் மகள் வயிற்றுக்கு. உள்ளதைச் சாமி முன்னால் சொன்னாலோ, கம்பெனி பெயரைச் சொல்லிக் காசு வாங்குகிறவன் என் மனைவியின் தம்பி என்று சாமியிடம் காட்டிக்கொடுத்ததாக ஆகும். அவன் தூர தேசத்தில் மிஷினுக்கு நடுவில் நின்று வேலை செய்கிறவன். கை போனாலும் கால் போனாலும் கேட்க ஆள் இல்லை. அவனுக்கு ஏதாவது ஆனால் என் மனைவி முகத்தில் எப்படி முழிப்பேன்? போகாமல் இருந்தால் பொய்யன். மூன்று பக்கமும் அடைத்துவிட்டது.

மனைவியிடம் சொல்லவில்லை. சித்தூரில் கடைக்குச் சாமான் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வியாழக்கிழமை கிளம்பினேன்.

டாக்சியின் பின்சீட்டில் சித்தூருக்குப் போகிற ஒரு குடும்பம் இருந்தது. திருமலைக்குப் போய்த் தரிசனம் முடித்துத் திரும்புகிறவர்கள். மொட்டைத் தலைகளில் சந்தனம். நான் முன்சீட்டில். சந்திரகிரி தாண்டியதும் அந்த அம்மா லட்டு உடைத்து எல்லாருக்கும் கொடுத்தார். எனக்கும் நீட்டினார். சத்தியம் செய்யப் போகிறவன் பிரசாதம் சாப்பிடலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டேன். நெய் விரல் வழியாக ஒழுகியது. டாக்சிக்காரன் அதைப் பார்த்தான். அவனும் தன் பங்கைச் சாப்பிடாமல் முன்னால் காகிதத்தில் வைத்திருந்ததை அப்போது கவனித்தேன். பின்னால் இருந்தவர்கள் தெலுங்கில் கல்யாணப் பேச்சு பேசிச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். பாகாலா தாண்டி ஒரு லாரியை முந்தும்போது, இந்த வண்டி இங்கேயே எதிலாவது மோதிக்கொண்டால் நல்லது என்றுகூட எனக்குத் தோன்றியது. பின்னால் இருந்த சின்னக் குழந்தையைப் பார்த்துவிட்டு அந்த நினைப்பை விட்டேன்.

அவர்களைச் சித்தூரில் இறக்கிவிட்டுக் காணிப்பாக்கத்துக்குத் திரும்பினோம். வண்டியை நிறுத்திவிட்டு அவன் டிக்கியிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தான். மாற்றிக்கொள்ள வேட்டி கொண்டுவந்தாயா என்று கேட்டான். நான் எதையும் கொண்டுவரவில்லை.

குளத்தின் படிகளில் கூட்டம். சும்மா குளிக்க வந்தவர்கள், வேண்டுதலுக்கு வந்தவர்கள். எங்களைப் போல வந்தவர்கள் தனியாகத் தெரிந்தார்கள். ஒரு பக்கம் அண்ணன் தம்பி போல இருவர், தள்ளித் தள்ளி நின்றுகொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல் முழுகினார்கள். அவர்களுடைய பெண்கள் மேல்படியில் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள்.

நான் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினேன். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. கால் படியில் வழுக்கியது. கண்ணை மூடிக்கொண்டு முழுகினேன். தண்ணீருக்குள் காதில் ஒரு சத்தம் கேட்டது. என் நெஞ்சு அடிக்கிற சத்தம்தான். எழுந்து பார்த்தபோது டாக்சிக்காரன் மேலே, தண்ணீருக்கு இரண்டு படி மேல் உட்கார்ந்திருந்தான். கேட்கிறவனும் முழுக வேண்டும் என்பது முறை. அவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

நான் படியேறி அவன் முன்னால் நின்றேன். வேட்டியிலிருந்து தண்ணீர் கொட்டியது. உள்ளே போகலாமா என்று அவன் கேட்டிருந்தால் போயிருப்பேன். போய் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவன் கேட்கவில்லை. அதனால் எனக்கு வாய் திறந்தது.

“கம்பெனி ஒரு தடவ கேட்டுச்சி தம்பி. அது நெஜம். கம்ப்யூட்டருக்கு இல்ல, பெட்டிக்குத்தான் கேட்டுச்சி. மச்சான் கட்டிட்டான். அதுக்கப்புறம் மணிக்கு மணி கேக்கறது கம்பெனி இல்ல. எனக்கே முந்தாநேத்துதான் தெரியும்.”

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“இத அங்கியே கடையிலயே சொல்றதுக்கு இன்னா?”

“நீ வான்னு சொன்ன. மாட்டேன்னு சொல்ல பயமா இருந்திச்சி.”

அவன் சிரிக்கப் போகிறான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“உனக்கு மட்டும்தான் பயமா? நான் பாகாலாவுல இருந்து ஸ்டீரிங்க எப்படிப் புடிச்சிக்கினு வந்தேன்னு எனக்குத்தான் தெரியும். ஒருத்தன அநியாயமா இழுத்தாந்து பிரமாணம் பண்ண வெச்சா, அந்தப் பாவம் வெச்சவனுக்கு. தினம் மலை ஏறி எறங்கற வண்டி அண்ணா என்னுது. அங்க ஒரு வளைவு போதும்.”

அவன் கோபத்தில் கேட்டுவிட்டானாம். கேட்ட பிறகு திரும்ப எடுக்க முடியவில்லையாம். நாலு பேர் முன்னால் காணிப்பாக்கம் என்று சொல்லிவிட்டுப் பின்வாங்கினால் அவனும் பொய்யன்தானே. நான் வரமாட்டேன் என்று சொல்லிவிடுவேன் என்று இரண்டு நாளாக எதிர்பார்த்திருக்கிறான். காலையில் நான் பஸ் ஸ்டாண்டு முனையில் வந்து நின்றதைப் பார்த்ததும்தான் அந்த நம்பிக்கை போனதாம்.

சாமி முன்னால் இதைச் சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். மச்சான் பெயர் அங்கே வர வேண்டாம், என் மனைவியின் தம்பி, தூரத்தில் இருக்கிறான் என்று சொன்னேன். என் மகளைப் பற்றியும் சொன்னேன். அவ்வளவு பேச்சு நான் யாரிடமும் ஒரே மூச்சில் பேசியதில்லை. அவன் கேட்டுவிட்டு எழுந்தான். உள்ளே எதுவும் வேண்டாம், நீ என்னிடம் சொன்னதே போதும், ஆனால் அந்தப் பத்து ரூபாய் இனிமேல் கிடையாது என்றான். சரி என்றேன். வெளியிலிருந்தே கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம். ஈரம் படக்கூடாது என்று முன்சீட்டில் பிளாஸ்டிக் உறை விரித்து என்னை உட்கார வைத்தான். சந்திரகிரி வந்தபோதுதான் இரண்டு பேரும் லட்டைத் தின்றோம். காய்ந்துபோயிருந்தது.

பயம் அதோடு போய்விட்டது என்று சொல்ல முடியாது. இடம்தான் மாறியது. அன்று சாயங்காலமே டி.வி. பக்கம் உட்கார்ந்திருந்தவர்களிடம் மலை ரோட்டுக்கு இனி கூடுதல் காசு இல்லை என்று சொன்னேன். கைதட்டினார்கள். எனக்கு மச்சானிடமிருந்து வரப்போகிற போன்தான் ஞாபகத்தில் இருந்தது. அது மறுநாள் வந்தது. வசூல் கணக்கைக் கேட்டுவிட்டு, யாரைக் கேட்டுக் குறைத்தாய், கடை யாருடையது என்று கத்தினான். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சமையல் செய்துகொண்டிருந்த என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனை வாங்கிக்கொண்டாள். அதற்கு முந்தின ராத்திரிதான் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். ஈர வேட்டியை மறைக்க முடியவில்லை.

அவன் சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்:

“இவுரு பிரமாணம் பண்ணியிருந்தா எம்பொண்ணு வயித்துல இருக்கறதுக்குத்தான்டா வந்திருக்கும். நீ சொல்றது அவ்ளோ நெஜமா இருந்தா நீ லீவு போட்டுக்கினு வா. நீ முழுகு. நான் கரையில நிக்கறேன்.”

பிறகு, சாப்பிட்டாச்சா என்று அக்காவைக் கேட்டிருக்கிறான். அதோடு போன் முடிந்தது. பத்து ரூபாயைப் பற்றி அவன் அப்புறம் பேசவே இல்லை.

ஆனால் எனக்கு வேறொன்று அரித்தது. நான் முழுகியவன். முழுகிவிட்டுச் சாமி முன்னால் போகாமல் திரும்பியவன். சத்தியத்துக்கென்று தண்ணீரில் இறங்கிவிட்டுச் சொல்லாமல் போனால் அதற்கு என்ன அர்த்தம்? பொய் சொன்னதாக ஆகுமா? சாமியை ஏமாற்றியதாக ஆகுமா? டாக்சிக்காரனிடம் கேட்டேன். தனக்குத் தெரியாது என்றான். அவன் முகத்திலும் பயம் வந்ததைப் பார்த்து, கேட்டிருக்கக் கூடாது என்று நினைத்தேன். மகளுக்குப் போன் செய்யும்போதெல்லாம் அவள் சாதாரணமாகத்தான் பேசுவாள். வயிறு வலிக்கிறதா என்று ஒரு நாள் கேட்டேன். இல்லையே, ஏன் என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

கடைசியில் ஒரு நாள் கடையைச் சாத்திவிட்டு நானே பஸ் ஏறிக் காணிப்பாக்கத்துக்குப் போனேன். கோயிலில் யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. ஐயர்களிடம் பேசக் கூச்சம். ஆபீஸ் ஜன்னலில் கூட்டம். வரிசையில் நின்று சாமியைக் கும்பிட்டுவிட்டு வந்து குளத்துக்குப் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தேன். அங்கே பூ விற்கிற ஒரு அம்மா, வெகு நேரமாக நிற்கிறாயே, என்ன வேண்டும் என்று தெலுங்கில் கேட்டார். தமிழ்க்காரன் என்று தெரிந்ததும் தமிழுக்கு மாறினார். வேறு யாரும் பக்கத்தில் இல்லை. அவரிடமே கேட்டுவிட்டேன். பிரமாணத்துக்கென்று வந்து, முழுகி, பண்ணாமல் போய்விட்டால் என்ன ஆகும் என்று.

அவர் கட்டிக்கொண்டிருந்த பூவை நிறுத்தவில்லை.

“முழுகினியா?”

“முழுகினேன்.”

“சாமிகிட்ட போய் எதனா சொன்னியா?”

“சொல்லல.”

“அப்போ குளிச்சிட்டுப் போன. எத்தினி பேர் தினம் குளிக்கறாங்க. பூ வாங்குறியா?”

நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று பார்த்தேன். அவர் அடுத்த முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு முழம் வாங்கினேன்.

திருப்பதிக்குத் திரும்பாமல் சித்தூர் போய், புத்தூர் பஸ் பிடித்து, அங்கிருந்து நகரிக்குப் போனேன். பஸ்ஸில் பூப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பூக்காரம்மா சொன்னது சாமி சொன்னது ஆகுமா என்று புத்தூர் வரைக்கும் யோசித்தேன்.

மகள் வீட்டில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் நான் வாசலில் நின்று கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. அவளாகவே எதற்கோ வெளியே வந்து பார்த்தாள்.

“இன்னா நைனா, சொல்லாம கொள்ளாம வந்துக்கிற? அம்மாவுக்கு எதனாவா?”

ஒன்றும் இல்லை, பூ வாங்கினேன் என்றேன். பூவுக்காக அவ்வளவு தூரமா என்று சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு, உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். செம்பைக் கையில் பிடித்துக்கொண்டு, எப்படிக் கேட்பது என்று தெரியாமல், உள்ளே இருக்கிறது அசைகிறதா என்று கேட்டுவிட்டேன். இதையெல்லாம் அவள் அம்மாதான் கேட்பாள். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. தறிப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்:

“காலையில இருந்து ஒரே ஒதை.”

அதற்குப் பிறகுதான் தண்ணீரைக் குடித்தேன்.